சக்களத்தி மேடேறிய நாள்

குனிந்த பல் டாக்டர் நிமிரவில்லை.

பழைய கார் கண்காட்சித் திடலில், தன் காரின் பின்சக்கர மூடியை முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்துக்கொண்டிருந்தவர், திடீரென்று "ஆ" என்றார். அந்த "ஆ"வை அவர் இத்தனை வருடமாக மற்றவர்களைத்தான் சொல்லச் சொல்லியிருக்கிறார். தானே சொல்வது இதுதான் முதல் தடவை.

"என்னங்க, என்ன ஆச்சு?" மனைவி ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்ல. இடுப்பு."

"இடுப்புக்கு என்ன?"

"பிடிச்சுக்கிச்சு. என்னைத் தொடாதே. காரையும் தொடாதே, கைரேகை விழும்."

மனைவி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை.

போன வாரம் டாக்டரை நாம் விட்டபோது, அவர் வீட்டு ஷெட்டில் மல்லாக்கப் படுத்து, டார்ச் அடித்து, பெட்ரோல் டாங்கில் ஒழுக்கு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். ஷெட்டை விட்டு நகராத காரில் பெட்ரோல் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு முறை டாங்கைக் கழற்றிப் பற்றவைத்தாகிவிட்டது. மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு போனான். ஒழுக்கு கிடைக்கவே இல்லை. அதற்குள் கண்காட்சி நாள் வந்துவிட்டது.

கரும்பச்சை நிறம், பூசணி அளவு முன்விளக்குகள், நீண்ட மூக்கு. டாக்டரின் அப்பா வாங்கிய கார். டாக்டரை விட வயதில் மூத்தது. துருப்பிடித்துக் கிடந்ததை டாக்டர் பதினைந்து வருடம் பாடுபட்டு எழுப்பி நிறுத்தினார். எழுப்பி நிறுத்தினாரே தவிர, அதிகம் ஓட்டவில்லை. கல் தெறிக்கும், தூசி படியும், எவனாவது சாய்ந்து நிற்பான். ஆகவே கண்காட்சிக்கு லாரியில் ஏறி வரும்; லாரியில் ஏறித் திரும்பும்.

மனைவிக்கு அந்தக் காரோடு உள்ள சம்பந்தம் அதற்குத் துணி உறை தைத்துக் கொடுத்தது மட்டும்தான் என்று டாக்டர் நினைத்திருந்தார். அவள் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தாள். கல்யாண உடைகளுக்குப் பேர்போன கடை. காருக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. "என் சக்களத்திக்கு இன்னிக்கு எண்ணெய்க் குளியலா?" என்று கேட்டபடி கடைக்குப் போவாள்.

இந்த வருடம் டாக்டருக்கு வேறு வழியில்லாமல் போய்விட்டது. பழைய கார் சங்கத்தின் தலைவர், எல்லோரும் மீசை என்று கூப்பிடுகிறவர், நிறைந்த கூட்டத்தில் சொல்லிவிட்டார்: "டாக்டர் வண்டி கார் இல்லீங்க, பொம்மை. ஓடாத வண்டியை ஓடும் வண்டிகள் வரிசையில எதுக்கு நிறுத்தணும்? கயித்துக்கு அந்தப் பக்கம் வெச்சிடலாம்."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் என்றால் எஞ்சின் இல்லாத கூடுகளும், பாதி பிரித்துப் போட்ட வண்டிகளும் நிற்கும் இடம். டாக்டரின் காது மடல் சிவந்துவிட்டது. "ஓடும். மேடும் ஏறும்," என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தார்.

மேடு என்றது வெறும் வாய்வார்த்தை அல்ல. கண்காட்சி நடப்பது யாரும் பயன்படுத்தாத பழைய விமான ஓடுபாதையில். அதன் கோடியில் ஒரு மண்மேடு உண்டு. காலையில் நடுவர்கள் நிற்கிற வண்டிகளைப் பார்ப்பார்கள். மதியம் வண்டிகள் ஓடுபாதையைச் சுற்றி வந்து மேட்டில் ஏற வேண்டும். பாதி ஏற்றத்தில், வெள்ளைக் கோட்டில் நின்று, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்ப வேண்டும். சிரமம் ஏறுவதில் இல்லை, நின்று கிளம்புவதில்.

இப்போது கிளம்ப வேண்டியவர் கேள்விக்குறி மாதிரி வளைந்து நின்றுகொண்டிருந்தார்.

முதலுதவிக் கூடாரத்தில் டாக்டரைப் பெஞ்சில் பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள். மீசை பார்க்க வந்தார். அவருடைய மீசைக்கும் அவருடைய சிவப்புக் காருக்கும் ஒரே மெழுகுதான் போடுகிறார் என்று சங்கத்தில் பேச்சு.

"வாபஸ் வாங்கிக்கிட்டா தப்பில்ல டாக்டர். உடம்பு முக்கியம்."

"வாபஸா?" டாக்டர் எழ முயன்றார். இடுப்பு அனுமதிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கை வந்து சேர்ந்தாள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். இந்த ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள்.

"நான் ஓட்டறேன்ணா," என்றாள், விஷயத்தைக் கேட்டதும்.

"நீயா? காலேஜ் படிக்கறப்ப கேட் தூண்ல காரை உரசினவ நீ!"

"அதை இன்னும் நீ விடலையா? எனக்கே அந்தத் தூண் மறந்து போச்சு."

"எனக்கு மறக்கலை. மட்கார்டுல இவ்வளவு நீளம்..." கையை நீட்டிக் காட்டப் போய் மறுபடி "ஆ" என்றார்.

மீசை குறுக்கே வந்தார். "சண்டை எதுக்கு? விதிப்படி இவங்க ஓட்டவே முடியாது. சொந்தக்காரர் ஓட்டணும், இல்லேன்னா அதே வீட்ல இருக்கிறவங்க ஓட்டணும். தங்கச்சி வேற வீட்ல இல்ல இருக்காங்க."

டாக்டர் பெஞ்சின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் தன் கார் நிற்பதை மனக்கண்ணில் பார்க்கிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"நான் அதே வீட்லதான் இருக்கேன்," என்றாள் மனைவி.

டாக்டர் சிரித்தார். சிரிப்பு இடுப்பில் போய்க் குத்தியது. "ஐயோ, சிரிக்க வைக்காதேம்மா. வலிக்குது."

"சிரிக்கறதுக்கு இதுல என்ன இருக்கு?"

"அது கடைக்குப் போற ஸ்கூட்டர் இல்ல. கியர் மாத்தறதுக்கு ரெண்டு தடவை கிளட்ச் மிதிக்கணும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மாத்தணும். எனக்கே சில சமயம்..."

"அண்ணா," என்றாள் தங்கை, "அண்ணி ஓட்டட்டும்."

அவள் சிரிக்கவில்லை என்பதை டாக்டர் அப்போது கவனிக்கவில்லை.

ஒரு நிபந்தனை போட்டார். பக்கத்து சீட்டில் அவர் உட்கார வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். சொன்னதை மட்டும் அவள் செய்ய வேண்டும். மனைவி "சரிங்க" என்றாள். இந்தச் "சரிங்க"வுக்கு அவர்கள் கல்யாணத்தில் பல அர்த்தங்கள் உண்டு. இது அவற்றில் ஆபத்தான வகை.

டாக்டரை மடக்கு நாற்காலியைத் தூக்குவதுபோல் நான்கு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். மனைவி செருப்பைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தாள்.

"செருப்பு எதுக்குக் கழட்டறே?"

"பெடல் காலுக்குத் தெரியணும். மெஷின்ல தைக்கறப்பவும் எனக்கு அப்படித்தான்."

"சரி, கவனமாக் கேளு. முதல்ல சாவியைத் திருப்பி..."

சாவி ஏற்கெனவே திரும்பியிருந்தது.

"அப்புறம் சோக்கை இழுத்து..."

அதுவும் இழுத்தாகிவிட்டது. ஸ்டார்ட்டர் ஒரு முறை முனகியது, எஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தம் சீரானதும் அவள் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினாள், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறவள் மாதிரி.

டாக்டர் சாவியைப் பார்த்தார், சோக்கைப் பார்த்தார்.

கார் நகர்ந்தது. முதல் கியர், இரண்டாவது கியர். கால் இரண்டு முறை அழுந்தியது, கை ஒரு முறை நகர்ந்தது, சத்தமே இல்லை. டாக்டர் மாற்றும்போது ஒரு தடவையாவது நறநறவென்று கேட்கும். ஊரில் உள்ள பல்லையெல்லாம் சரி செய்தவருக்குக் கியரின் பல்லோடு மட்டும் ஒத்துப்போகவில்லை.

"நீ..." என்று ஆரம்பித்தார்.

"அப்புறம் பேசலாங்க. இப்ப காத்து நல்லா வருது, வேடிக்கை பாருங்க."

ஓடுபாதையின் இரு ஓரமும் ஜனங்கள். யாரோ கைதட்டினார்கள். மனைவி ஒரு கையைத் தூக்கி ஹாரனை அமுக்கினாள். அந்தப் பெரிய ஹாரன் எருமை மாதிரிக் கத்தியது. கூட்டம் சிரித்தது. அதை அமுக்கலாம் என்று டாக்டருக்கு இத்தனை நாள் தோன்றியதே இல்லை.

மேடு வந்தது. கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது. வெள்ளைக் கோட்டில் முன்சக்கரம் சரியாக நின்றது. டாக்டர் கண்ணாடியில் பார்த்தார். பின்னால், ரொம்பப் பக்கத்தில், மீசையின் சிவப்புக் கார். கை நீட்டினால் தொடலாம்.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"ஹேண்ட் பிரேக்! அது பிடிக்காது! ஏத்தத்துல வழுக்கும்!"

"தெரியும்."

"தெரியுமா?"

"பிடிக்கலைன்னு ஜாடையாச் சொன்னேனே. எங்க, நீங்க பாலிஷ் போடறதுலேயே இருந்தீங்க."

"இப்ப என்ன பண்ணப் போறே? இறங்கிடலாம், கொடி காட்டு, நிறுத்தச் சொல்லு..."

"என்னங்க."

"என்ன?"

"ரெண்டு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருங்க."

அவருடைய நோயாளிகள் யாரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. மூடிக்கொண்டார்.

அவள் வலது பாதத்தைத் திருப்பினாள். குதிகால் பிரேக்கில், விரல்கள் ஆக்ஸிலேட்டரில். ஒரே காலில் இரண்டு வேலை. விரல்கள் மெல்ல அழுத்தின. எஞ்சின் குரலை உயர்த்தியது. இடது கால் கிளட்சிலிருந்து நூல் நூலாக எழும்பியது. காரின் முன்பக்கம் லேசாக நடுங்கியது. நடுவர் அம்மாள் தரையில் குந்தி உட்கார்ந்து பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குதிகால் விட்டது.

கார் பின்னால் ஓர் அங்குலம்கூடப் போகவில்லை. வண்டி மேலே ஏறி, மேட்டின் உச்சியில் வெயிலில் நின்றபோது, கீழே கூட்டம் கத்திய கத்தலில் காக்கைகள் கிளம்பிப் பறந்தன.

டாக்டர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டாங்க் ஒழுகலை, இல்ல?" என்றார் கடைசியில்.

"ஒழுகலைங்க," என்றாள் மனைவி. "ஓடிச்சு."

மேட்டிலிருந்து இறங்கி வந்ததும் டாக்டரை மறுபடி நான்கு பேர் தூக்கி வெளியே வைத்தார்கள். பெஞ்சில் தலையணை வைத்து உட்கார்ந்துகொண்டு, எதிரே நிற்கும் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீதானே சொல்லிக்குடுத்தே?"

"ஆமா."

"எப்போ?"

"புதன்கிழமை தோறும். அண்ணி கடைக்கு லீவு, உனக்குக் கிளினிக். ஊருக்கு வெளியே ஏரிக்கரை ரோட்ல ஆளே இருக்காது."

"எத்தனை நாளா?"

"உன் பொண்ணு வேலைக்கு வெளிநாடு போனாளே, அப்போலேர்ந்து."

டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க."

"மெக்கானிக்கைக்கூட ஆக்கிட்டோம். அவன்தான் பாவம்."

"சிரிக்காதே. எனக்குக் கஷ்டமா இருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

பதில் இருவருக்கும் தெரியும்.

மனைவி இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தாள். ஒன்றை அவர் கையில் வைத்தாள். தங்கை ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போனாள்.

"கோவமா?"

"ஏன் எங்கிட்ட மறைச்சே?"

அவள் தேநீரை ஊதினாள். "மறைக்கணும்னு ஆரம்பிக்கலைங்க. பொண்ணு போனதுக்கப்புறம் வீடு ரொம்பப் பெரிசாயிடுச்சு. நீங்க கிளினிக்லேர்ந்து நேரா ஷெட்டுக்குப் போயிடுவீங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு வந்தா அதைப் பத்தியே பேச்சு. எனக்கு எரிச்சலா வரும். எத்தனையோ நாள் அதோட மனசுக்குள்ள சண்டை போட்டுப் பார்த்தேன். இரும்பு, அதுக்கென்ன தெரியும்? சரி, ஜெயிக்கத்தான் முடியலை, சிநேகமாப் போயிடலாம்னு நினைச்சேன்."

"என்னோட சிநேகமாப் போயிருக்கலாமே."

"அதுக்காகத்தான் இதைக் கத்துக்கிட்டேன்னு வெச்சுக்கோங்களேன்."

டாக்டர் தேநீரைக் குடித்தார். கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நீ ரெண்டாவது கியருக்கு மாத்தறப்ப சத்தமே வரலை," என்றார். "எனக்கு ஏன் வருது?"

"அவசரப்படறீங்க. அது சொல்றவரைக்கும் காத்திருக்கணும்."

"எது சொல்றவரைக்கும்?"

"எஞ்சின்தான். நீங்கதானே சத்தத்தைக் கேட்டு மாத்தணும்னு சொன்னீங்க? நான் கேக்கறேன். நீங்க சொல்றதோட சரி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். கோப்பை மீசைக்குப் போயிற்று. டாக்டரின் கார் மதிய ஓட்டத்தில் முதலிடம். காலைப் பார்வையிடலில்தான் மதிப்பெண் போய்விட்டது. "மூணு சக்கரம் கண்ணாடி மாதிரி இருக்கு," என்றார் நடுவர் அம்மாள். "நாலாவதைத் துடைக்க மறந்துட்டீங்களா?"

"மறக்கலைங்க," என்றார் டாக்டர். "அதைத் துடைக்கப் போய்த்தான் நான் இப்படி ஆனேன்."

மீசை கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக டாக்டரின் மனைவியிடம் வந்தார். தொப்பியைக் கழற்றினார். "அம்மா, அந்த மேட்டுல உங்க பின்னாடி நின்னப்போ எனக்கு உயிரே இல்ல. ஹேண்ட் பிரேக் பிடிக்காதுன்னு உங்க வீட்டுக்காரர் கத்தினது எனக்குக் கேட்டுச்சு. என் முன்விளக்கு போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்."

"உங்க முன்விளக்கு மேல ஒரு கண் வெச்சுத்தான் ஓட்டினேன்."

"டாக்டர், நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். பொம்மை இல்ல." கொஞ்சம் யோசித்தார். "ஆனா வெச்சிருக்கிறவர் கொஞ்சம் பொம்மைதான்."

அவரும் சிரித்தார், இவரும் சிரித்தார்.

லாரிக்காரர் சங்கிலியோடு வந்து நின்றபோது டாக்டர் தலையசைத்தார். "வேண்டாம்ப்பா, நீ போ."

மனைவி திரும்பிப் பார்த்தாள். "அப்ப வண்டி?"

"ஓட்டிக்கிட்டுப் போகலாம்."

"ரோட்ல கல் தெறிக்கும்."

"தெறிக்கட்டும். துடைச்சுக்கலாம்."

தங்கை பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். டாக்டர் மறுபடி பக்கத்து சீட்டில். சூரியன் சாய்ந்திருந்தது. நீளமான நெடுஞ்சாலை, இரு பக்கமும் மரங்கள். எதிரே வந்த ஒரு பஸ் டிரைவர் விளக்கை மினுக்கினார். சைக்கிளில் போன இருவர் கால் ஊன்றி நின்று பார்த்தார்கள். டாக்டர் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டார். ஓட்டுகிற கவலை இல்லாமல் கேட்டபோது, எஞ்சினின் சத்தத்துக்குள்ளே இன்னொரு சின்னச் சத்தம், தையல் மெஷின் ஓடுவது மாதிரி, சீராக வந்துகொண்டிருப்பது தெரிந்தது.

"நல்லா இருக்கில்ல?" என்றாள் மனைவி.

"இந்த சீட்டுல நான் உக்காந்ததே இல்ல," என்றார் அவர். "இவ்வளவு நாள் வேஸ்ட் பண்ணிட்டேன். புதன்கிழமை கிளினிக்குக்கு நானும் லீவு விட்டுடறேன்."

பின்சீட்டில் போன் அடித்தது. டாக்டரின் மகள்தான், தங்கை அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு. தங்கை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தை! என்ன ஆச்சு? அப்பா முகம் எப்படி இருக்கு?"

"உங்கப்பா இங்கதான் இருக்கார். நீயே கேளு."

"அப்பா! கோவமா?"

"இல்லம்மா. உங்கம்மா மேட்டுல ஏத்தினதை நீ பார்த்திருக்கணும். ஆமா, உனக்கும் இது தெரியுமா?"

"ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்ப்பா. சொல்லாம இருக்க நான் பட்ட பாடு! அப்பாடா, ஒரு வழியா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க." மகளின் குரலில் பெரிய நிம்மதி. "அப்ப அம்மாவோட அந்த இன்னொரு காரையும் நம்ம ஷெட்டுக்கே கொண்டு வந்துடலாமேப்பா. அத்தை வீட்ல மாமா பாவம், அதுக்கு இடம் விட்டுட்டுத் தன் வண்டியை மழையில நிறுத்தறார்."

தங்கை ஜன்னல் வழியாக மரங்களை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

"எந்த இன்னொரு கார்?" என்றார் டாக்டர்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் மனைவி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "கியர் மாத்தணும்."

சாலை நேராகப் போய்க்கொண்டிருந்தது. வண்டி கடைசி கியரில்தான் ஓடிக்கொண்டிருந்தது.